தோல் நோய் மருந்து ஆய்வில் தன்னார்வலராகச் சேர்வது: கையெழுத்துக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஈரமண் (கேள்வி):

வணக்கம். அடோபிக் எக்ஸிமாவுக்கான (அரிப்போடு படையாக வரும் தோல் அழற்சி) புதிய க்ரீம் ஒன்றின் மூன்றாம் கட்ட ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 23 பக்கம். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, முதுகில் கொஞ்சம் என்று உடல் பரப்பில் 8% படை இருப்பதாக அளந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது பூசுவது வாரத்தில் நாலைந்து நாள் ஸ்டீராய்டு களிம்பு, தினமும் ஈரப்பசை க்ரீம்.

தாளில் உள்ளது இதுதான்: தேர்வுக் காலம் 4 வாரம் வரை. அதன் கடைசி 2 வாரம் ஸ்டீராய்டு களிம்பு கூடாது. பிறகு 16 வாரம் தினமும் இரு வேளை ஆய்வு க்ரீம். மூன்று பேரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்து கலக்காத க்ரீம். ஏழு முறை நேரில் வர வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 4 மி.மீ. தோல் பயாப்சி (பரிசோதனைக்காகத் தோலில் சிறு துண்டு எடுப்பது). கைப்பேசிச் செயலியில் தினமும் அரிப்புக்கு ஓர் எண் பதிய வேண்டும்.

அந்த 2 வாரத்தில் படை கிளம்பினால் என்ன செய்வது? மருந்தில்லாத குழுவில் விழுந்தால் 16 வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? பயாப்சி எவ்வளவு பெரிய விஷயம்? இந்த 23 பக்கத்தில் எதை இரண்டு முறை படிக்க வேண்டும்?


ஆய்வு மேசை (மறுமொழி):

முதலில் அந்த 2 வாரம். சேர வருபவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான்.

இதை வாஷவுட் என்பார்கள். பழைய மருந்தின் வேலை தோலில் மிச்சமிருக்கும்போது அளந்தால், எது புது மருந்தின் பலன், எது பழையதன் மிச்சம் என்று பிரிக்க முடியாது. பூசும் ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் (ஸ்டீராய்டு அல்லாத களிம்பு) போன்றவற்றுக்கு வழக்கமாக 1 முதல் 2 வாரம். ஒளிச் சிகிச்சை, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 4 வாரம். பயாலஜிக் ஊசிகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். மருந்தின் அரை ஆயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் காலம்) ஐந்து முறை கழிய வேண்டும் என்பது கணக்கு. அதற்குள் உடலில் இருப்பது முப்பத்திரண்டில் ஒரு பங்காக, ஏறக்குறைய 3% ஆகக் குறைந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் ஆய்வுக்காக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். "எப்படியும் சேரத்தானே போகிறோம், இப்போதே நிறுத்தினால் ஒரு வாரம் மிச்சம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்புதல் வாங்காமல் ஆய்வுக்காக ஒருவரின் மருந்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. தொலைபேசியில் அப்படி யாராவது சொன்னால் அந்த மையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காமல் மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம். சொரியாசிஸ் உள்ளவருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பலாம். படிப்படியாகக் குறைப்பதா, எவ்வளவு நாளில் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாஷவுட்டின்போது படை கிளம்பினால் மையத்தைக் கூப்பிடுங்கள். தாங்க முடியாத அளவுக்குப் போனால் தேர்விலிருந்து விடுவித்துப் பழைய மருந்தைத் தொடரச் சொல்வார்கள். ஆவணத்தில் அது "தேர்வில் தவறியவர்" என்று பதிவாகும். அந்தச் சொல்லைக் கண்டு மனம் சுருங்க வேண்டாம், உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. மறுதேர்வு உண்டா என்பது தாளிலேயே இருக்கும். பல ஆய்வுகளில் ஒரு முறை அனுமதிப்பார்கள். உண்மையான கேடு வேறு இடத்தில் வருகிறது. இரவில் அரிப்பு தாங்காமல் இரண்டு நாள் ஸ்டீராய்டு பூசிவிட்டு, வெளியேற்றிவிடுவார்களோ என்று சொல்லாமல் இருப்பது. தொடக்க அளவீடு பொய்யாகிவிடும், பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் அந்தப் பொய்யோடு ஒப்பிடப்படும். பூசிவிட்டீர்களா, எந்தத் தேதி, எந்தக் களிம்பு, எந்த இடம் என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். இடைவெளியை நீட்டித்துச் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கலாம்.

ஈரப்பசை க்ரீமைத் தொடரலாமா, ஆய்வு க்ரீமுக்கும் அதற்கும் எத்தனை மணி இடைவெளி, எதை முதலில் பூசுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ஆய்வுகள் யூரியா, சாலிசிலிக் அமிலம், செராமைடு கலந்தவற்றை விலக்குகின்றன, ஆகவே குப்பியையே எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. 16 வாரமும் சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்து அளவு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் களிம்பை ஒரு விரல்நுனி அளவு என்கிறோம். ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். அப்படி விரல்களும் சேர்ந்த ஓர் உள்ளங்கை உடல் பரப்பில் சுமார் 1%. உங்களுக்கு 8% என்றால் ஒரு வேளைக்கு 4 விரல்நுனி, அதாவது 2 கிராம். இரு வேளைக்கு 4 கிராம், வாரத்துக்கு 28 கிராம். 30 கிராம் டியூப் ஒரு வாரம்தான் வரும். இந்தக் கணக்கை இப்போதே தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம், டியூபைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எடை போடுவார்கள். பாதி டியூப் மிஞ்சினால் பூசவில்லை என்று தெரியும், இரண்டு மடங்கு தீர்ந்தால் படை இல்லாத இடத்திலும் பூசுகிறீர்கள் என்று தெரியும். காலியான டியூபையும் எறியாமல் மூடியோடு கொண்டுபோங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் பூச வேண்டாம், நாட்குறிப்பில் "விட்டது" என்று எழுதினால் போதும். வீட்டில் வேறு யாருக்கும் அந்த க்ரீமைத் தொட்டுக் கொடுக்கக் கூடாது.

16 வாரம் பல்லைக் கடிப்பது பற்றி: "மீட்பு மருந்து" என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். நோய் மோசமானால் எந்த வலிமையுள்ள ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள், யார் முடிவு செய்வது, அதன் பிறகும் ஆய்வில் தொடரலாமா என்று அங்கே இருக்கும். மீட்பு மருந்து எடுத்தவரைக் கணக்கில் "பலன் கிடைக்காதவர்" என்று சேர்ப்பது வழக்கம். அதற்காகத் தயங்கக் கூடாது, அந்தத் தகவலும் ஆய்வுக்கு வேண்டியதே. இந்தத் தலைப்பே இல்லாத தாள் என்றால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


எண்கணி (மறுமொழி):

மருந்து கலக்காத க்ரீமைப் பற்றிக் கொஞ்சம். மருந்து மூலப்பொருளைத் தவிர்த்து மற்ற எல்லாம் அதில் இருக்கும். எண்ணெய்ப்பசை, நீர், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள் எல்லாமே அதே அளவில். தோலை மிருதுவாக்கும் வேலையை அதுவும் செய்யும். எக்ஸிமா ஆய்வுகளில் மருந்தில்லாத குழுவிலும் ஒரு பகுதியினர் தேறுவதற்கு இது ஒரு காரணம். தினம் இரு வேளை தவறாமல் பூசும் ஒழுங்கு இன்னொரு காரணம். மூன்றாவது, மனிதர்கள் நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆய்வைத் தேடி வருகிறார்கள். உச்சத்திலிருந்து எதுவும் செய்யாமலேயே கொஞ்சம் இறங்கும். இந்த மூன்றையும் கழித்துவிட்டு மருந்தின் பங்கை மட்டும் பார்க்கத்தான் அந்தக் குழு.

எந்தக் குழு என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். "என்னுடையது எரிகிறது, உங்களுடையது?" என்று ஆய்வில் உள்ளவர்கள் வெளியே பேசி ஊகித்துக்கொண்டால், மருந்து இல்லை என்று நினைப்பவர் அரிப்பைக் கூட்டிச் சொல்வார், உண்டு என்று நினைப்பவர் குறைத்துச் சொல்வார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, மனம் தானாகச் செய்யும்.

8% பரப்பு என்பதால் ஒரு குறிப்பு. ஊசி, மாத்திரை ஆய்வுகள் மிதமானது முதல் தீவிரமானது வரை உள்ள நோயாளிகளை எடுப்பவை. பரப்பு குறைந்தது 10%, ஈஸி ஸ்கோர் (படையின் பரப்பையும் தீவிரத்தையும் சேர்த்த மதிப்பெண்) குறைந்தது 16, ஐஜிஏ (டாக்டர் மொத்தமாகப் பார்த்து 0 முதல் 4 வரை போடும் மதிப்பெண்) குறைந்தது 3 என்று கேட்பது வழக்கம். க்ரீம் ஆய்வுகள் 3% முதல் 20% வரை என்பது போல வைப்பதுண்டு. ஆகவே உங்களை க்ரீம் ஆய்வுக்கு அழைத்திருப்பது பொருத்தமே.

ஈஸி ஸ்கோரை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் டாக்டர் என்ன பார்க்கிறார் என்பது புரியும். உடலைத் தலை-கழுத்து, கைகள், நடுவுடல், கால்கள் என்று நாலாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, கீறல் புண், தோல் தடித்து வரி விழுதல் என்ற நாலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அவற்றின் கூட்டுத்தொகையைப் பரப்பு மதிப்பெண்ணால் (0 முதல் 6) பெருக்கி, பிறகு தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, நடுவுடலுக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்று பெருக்குவார்கள். கைகளில் சிவப்பு 2, தடிப்பு 2, கீறல் 1, வரி 1 என்று கூட்டு 6 வந்து, கைப்பரப்பில் 10 முதல் 29% வரை படை இருந்தால் பரப்பு மதிப்பெண் 2. அப்படியானால் 6 × 2 × 0.2 = 2.4. நாலு பகுதியையும் கூட்டினால் மொத்தம், உச்சம் 72. "ஈஸி 75" என்று படித்தால், தொடக்க மதிப்பெண் 75% அல்லது அதற்கு மேல் இறங்கியது என்று பொருள்.

இந்தப் பெருக்கலில் அரிப்பு எங்கேயும் இல்லை. தூக்கம் கெட்டதும் இல்லை. நோயாளியை வாட்டுவது அது இரண்டும்தான். அவை ஆய்வுக்குள் வருவது செயலியில் நீங்கள் பதியும் எண் வழியாகவும், கேள்வித்தாள்கள் வழியாகவும் மட்டுமே. ஆகவே தினப் பதிவைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடாதீர்கள். கேள்வி வழக்கமாகக் கடந்த 24 மணி நேரத்தில் மிக மோசமான அரிப்பு எவ்வளவு என்பது. 0 என்றால் இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்க முடிந்ததிலேயே மோசம். சராசரியைக் கேட்கவில்லை, உச்சத்தைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பதியுங்கள், இரவு படுக்கும் முன் என்றால் நல்லது. ஒரு வாரப் பதிவுகளின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 7 நாளில் குறைந்தது 4 நாளாவது பதிவு இல்லாவிட்டால் அந்த வாரமே கணக்கில் வராமல் போகும் ஆய்வுகள் உண்டு. பெரும்பாலான செயலிகள் மறுநாள் பூட்டிக்கொள்ளும், பின்னோக்கி நிரப்ப முடியாது. கைப்பேசி கெட்டால் அன்றே மையத்துக்குச் சொல்லுங்கள்.


வெண்பஞ்சு (மறுமொழி):

பயாப்சி பத்தி. 4 மி.மீ.ன்னா பென்சில் தடிமன்ல ஏறக்குறைய பாதி. மரத்துப்போக லிடோகெய்ன் ஊசி போடுறப்ப சில நொடி சுருக்குனு எரியும், அதுக்கப்புறம் அழுத்தம் மட்டும்தான் தெரியும். உருளையா இருக்கிற சின்ன கத்தியைச் சுழற்றி தோலுக்கு அடியில கொழுப்பு வரைக்கும் இறக்கி எடுப்பாங்க. எடுக்கிறதுக்குச் சில நிமிஷம்தான், தயாராகிறதுக்குத்தான் நேரம் ஆகும். ஒண்ணு ரெண்டு தையல் போடுவாங்க.

மொத நாள் நனைக்கக் கூடாது. மறுநாள்லேர்ந்து மெதுவா கழுவி, துடைச்சு, வாசலின் தடவி கட்டு மாத்தணும். புண்ணைக் காய விட்டா சீக்கிரம் ஆறும்னு சொல்றது தப்பு, ஈரமா இருந்தாத்தான் தழும்பு கம்மியா வரும். இரத்தம் கசிஞ்சா சுத்தமான துணியை வச்சு 15 நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல நடுவுல எடுத்துப் பார்த்தா உறையுறது கலைஞ்சுடும். தையல் பிரிக்கிறது முகம்னா 5 முதல் 7 நாள், கைன்னா 7 முதல் 10, முதுகு, கால்னா 10 முதல் 14. ரெண்டு மூணு நாள் கழிச்சு வலி கூடிக்கிட்டே போனா, சூடா இருந்தா, சீழ் வந்தா, காய்ச்சல் வந்தா காத்திருக்காம கூப்பிடுங்க.

தழும்பு நிச்சயம் இருக்கும். மாநிறம், கறுப்புத் தோல்ல கரும்புள்ளியா பல மாசம் நிக்கும். முன்னாடி காயம் எதாவது கெலாய்டா மேடு கட்டியிருந்தா கட்டாயம் சொல்லணும். நெஞ்சு, தோள்பட்டை, மேல் முதுகுல எடுக்க வேண்டாம்னு கேட்கலாம். முழங்காலுக்குக் கீழே ஆற லேட் ஆகும். இரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா சொல்லுங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. மரத்துப்போற ஊசி அலர்ஜியும் அப்படித்தான், மொதல்லயே சொல்லணும்.

பயாப்சி கட்டாயமா, விருப்பமான்னு தாள்ல பாருங்க. நிறைய ஆய்வுல அது துணை ஆய்வு, தனிக் கையெழுத்து. "வேண்டாம்"னு குறிச்சிட்டு மத்ததுல சேரலாம். சில இடத்துல பயாப்சிக்குப் பதிலா ஒட்டுப்பட்டையை ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஒட்டி உரிச்சு மேல்தோலை மட்டும் எடுப்பாங்க, அதுல தையலும் இல்ல, தழும்பும் இல்ல.

இரத்தம் ஒரு தடவைக்கு எத்தனை மி.லி.ன்னு போட்டிருக்கும், எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. ஒப்பிடணும்னா, இரத்ததானத்துல ஒரே தடவையில 350லேர்ந்து 450 மி.லி. எடுக்கிறாங்க. காசநோய், ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி பரிசோதனையும் தேர்வுல இருக்கலாம். முடிவு பாசிட்டிவா வந்தா யார் உங்ககிட்ட சொல்லுவாங்க, வேற யாருக்குத் தெரியும்னு முன்னாடியே கேளுங்க. கர்ப்பம் ஆக வாய்ப்பு உள்ளவங்களுக்கு மாசாமாசம் பரிசோதனையும் கருத்தடை நிபந்தனையும் இருக்கும். ஆய்வு முடிஞ்ச பிறகும் எத்தனை வாரம் அது தொடரணும்னு பாருங்க, அந்த வரியைப் பல பேரு தவற விடுறாங்க. தடுப்பூசி எதாவது போட வேண்டியிருந்தாலும் கேட்டுட்டுத்தான், முக்கியமா உயிருள்ள கிருமி வகை தடுப்பூசி.

இப்ப எனக்கு ரொம்ப அக்கறையான விஷயம். எண்கணி "சிவப்பு"ன்னு எழுதினாரு. மாநிறத்துலயும் கறுப்புலயும் அழற்சி சிவப்பா தெரியாது. கருஞ்சிவப்பா, ஊதாவா, சாம்பல் கலந்த பழுப்பா தெரியும். வெளிர் தோலைப் பார்த்துப் பழகின கண்ணு அதைக் குறைச்சு மதிப்பிடும். அப்ப 3 போட வேண்டிய இடத்துல 1 விழும். நோய் தீவிரம் பத்தலன்னு ஆய்வுல சேர்க்காமலே போகலாம். இதுக்கு நேர்மாறான தப்பும் உண்டு: பழைய படை ஆறிப்போய் வெறும் கறை மட்டும் நிக்குறதை அழற்சின்னு எண்ணிடுறது. மருந்து வேலை செஞ்சிருந்தாலும் எண்ணு இறங்காது. நீங்க செய்யக்கூடியது: எந்த இடம் இப்ப சூடா, அரிப்பா இருக்கு, எது பழைய கறைன்னு விரல் வச்சுக் காட்டுங்க. தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் அதே ஆள், அதே அறை, அதே வெளிச்சம்னு கேளுங்க. நல்ல மையம் தானாவே அதைச் செய்யும்.

வர்ற அன்னைக்கு மேக்கப், எண்ணெய் எதுவும் வேண்டாம். காலையில க்ரீம் பூசலாமா கூடாதான்னு முந்தின நாளே கேட்டுக்கோங்க. தோல்லேர்ந்து நீர் ஆவியாகுற அளவைக் கருவி வச்சுப் பார்க்கிற ஆய்வுன்னா, வந்ததும் 20 நிமிஷத்துக்கு மேல சும்மா உட்கார வைப்பாங்க; வேர்வையோட அளந்தா எண்ணே தப்பாயிடும். அவசரமா ஓடி வராதீங்க.


ஈரமண்:

எல்லோருக்கும் நன்றி. பயாப்சி விருப்பப்பகுதிதான் என்று 17ஆம் பக்கத்தில் இருக்கிறது, கவனிக்கவே இல்லை. இன்னும் மூன்று: ஆய்வு உண்மையானதுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது? நடுவில் விலகினால் எடுத்த படங்களும் மாதிரிகளும் என்ன ஆகும்? பாதிப்பு வந்தால் இழப்பீடு என்ற இடத்தில் "பொருந்தும் சட்டப்படி" என்ற ஒரே வரிதான் இருக்கிறது, அது போதுமா?


நெறிக்குழு வாசகர் (மறுமொழி):

ஒவ்வொரு ஆய்வுக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று விதி வைத்தன. தகவல் தாளில் உள்ள எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தேடல் தளத்தில் போட்டுப் பாருங்கள். வந்தால் மட்டும் போதாது, ஒப்பிடவும் வேண்டும்: ஆய்வின் பெயர், நோய், வயது வரம்பு, மையத்தின் பெயர், "ஆட்களைச் சேர்க்கிறார்கள்" என்ற நிலை. அங்கே 12 வாரம் என்றும் தாளில் 16 வாரம் என்றும் இருந்தால் காரணம் கேளுங்கள். திருத்தம் நடந்திருக்கலாம், அப்படியென்றால் நெறிமுறைக் குழு (பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்த்து ஆய்வுக்கு அனுமதி தரும் குழு) ஒப்புதல் தந்த தேதியும் பதிப்பு எண்ணும் தாளின் அடியில் இருக்கும். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் தாளில் இருக்க வேண்டும். அந்த எண் ஆய்வு டாக்டரின் எண்ணாகவே இருக்கக் கூடாது.

சேர்வதற்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மருந்து நிறுவனம் நடத்தும் ஆய்வில் ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைகளுக்கும் நோயாளி பணம் கட்டுவதில்லை. பயணச் செலவு, நேரத்துக்கான தொகை தருவார்கள்; அது முழு 16 வாரம் முடித்தால்தான் என்று இருந்தால் தவறு, வந்த ஒவ்வொரு முறைக்கும் பிரித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் விலக நினைப்பவரைப் பணம் பிடித்து வைக்கும்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது தோல் மருத்துவத்துக்கே நெருக்கமான கதை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மேல் 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் தலைமையில் சோதனைகள் நடந்தன. அழகுசாதனப் பொருள்களிலிருந்து டயாக்சின் என்ற நச்சு வரை அவர்கள் தோலில் பூசப்பட்டது. சிறைக்குள் வேறு வருமானம் அதிகம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, எதைப் பூசுகிறோம் என்று சரியாகச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் அது. மனிதர்கள் மேல் நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு உலக அளவில் நெறி வகுத்த ஹெல்சிங்கி அறிக்கை 1964லேயே வந்தும் சிறைக்குள் சோதனை அதன் பிறகு பத்தாண்டு நடந்தது. நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2022இல். அந்த அறிக்கையின் 2024 திருத்தத்தில், ஆய்வுக்கு உட்படுபவர் என்ற பொருள்படும் பழைய சொல்லை மாற்றிப் பங்கேற்பாளர் என்ற சொல்லை வைத்தார்கள். நீங்கள் கேள்வி கேட்பது யாருக்கும் தொந்தரவு இல்லை. அந்தச் சொல்லுக்குப் பொருளே அதுதான்.

விலகுவதில் மூன்று படிகள் உண்டு. க்ரீமை மட்டும் நிறுத்திவிட்டு அளவீட்டுக்கு வந்துபோவது முதல் படி. ஆய்வுக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் இதுவே அதிகம் உதவும். நேரில் வருவதையும் நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் மட்டும் நலம் சொல்வது அடுத்தது. முற்றிலும் விலகுவது கடைசி. எதற்கும் காரணம் சொல்லக் கட்டாயம் இல்லை, உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. அதுவரை பதிவான தகவல் பெரும்பாலும் கணக்கில் தங்கும். அழிக்கச் சொல்ல முடியாது, ஏனென்றால் பக்க விளைவு வந்தவர்கள் எல்லாம் விலகித் தங்கள் பதிவையும் எடுத்துக்கொண்டால் மருந்து பாதுகாப்பானது போலத் தோன்றிவிடும். மாதிரிகள் வேறு. உங்கள் குறியீட்டோடு இணைந்திருக்கும் வரை அழிக்கச் சொல்லலாம். அடையாளம் நீக்கிய பிறகு எது உங்களுடையது என்று அவர்களுக்கே தெரியாது. எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், மரபணு ஆய்வுக்குப் பயன்படுமா, வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா என்பவற்றுக்குத் தனித்தனியாக ஆம், இல்லை என்று குறிக்கும் கட்டம் இருப்பதே நல்ல படிவம். படத்துக்கும் அப்படித்தான். முகத்தை மறைத்தாலும் பச்சை குத்தியது, பிறவி மச்சம், தழும்பு ஆகியவை ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை வெட்டி எடுப்பார்களா, இதழில் வெளியிடத் தனிச் சம்மதம் கேட்பார்களா என்று பாருங்கள்.

இழப்பீட்டுக்கு அந்த ஒரு வரி போதாது. இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: பாதிப்புக்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பது? நான் முதலில் செலவழித்துப் பிறகு வாங்க வேண்டுமா? பாதிப்பு ஆய்வால்தான் வந்தது என்று யார் முடிவு செய்வது, அதை மறுத்து முறையிட வழி உண்டா? காப்பீடு எடுத்திருக்கிறார்களா, அது எந்தத் தேதி வரை? ஆய்வு முடிந்த பிறகு தெரியவரும் பாதிப்புக்கும் பொருந்துமா? பதில் மழுப்பலாக வந்தால் நெறிமுறைக் குழுவைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க நேரம் தர மறுப்பவர்களிடம் சேர வேண்டாம். கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். நடுவில் புதுப் பக்க விளைவு தெரியவந்தால் புதிய பதிப்பைக் கொடுத்து மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள்; மாறிய வரிகளைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். ஆய்வில் இருப்பதைச் சொல்லும் அட்டையைப் பணப்பையிலேயே வைத்திருங்கள். அவசரமாக வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், மறைப்பை (யாருக்கு எந்த க்ரீம் என்று வெளியே சொல்லாமல் வைத்திருப்பதை) உடைத்து எந்தக் குழு என்று தெரிந்துகொள்ள 24 மணி நேரத் தொடர்பு எண் அதில் இருக்கும்.

இரண்டு முறை படிக்க வேண்டிய பக்கம் எது என்று கேட்டிருந்தீர்கள். "பங்கேற்காவிட்டால் எனக்கு உள்ள மாற்றுச் சிகிச்சைகள்" என்ற பகுதி. இப்போது பூசும் ஸ்டீராய்டிலேயே நோய் அடங்குகிறது என்றால் கணக்கு வேறு. எதிலும் அடங்கவில்லை என்றால் வேறு. ஆய்வின் நோக்கம் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வது. உங்கள் தோலுக்கு ஏற்றபடி அளவை மாற்றித் தரும் சுதந்திரம் ஆய்வு டாக்டருக்குக் கிடையாது.


ஆய்வு மேசை:

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. 16 வாரம் ஒதுக்க முடியாதவர்கள், மருந்து மாற்ற விரும்பாதவர்கள் சேரக்கூடிய ஆய்வுகளும் உண்டு. நோயாளர் பதிவேட்டில் ஆண்டுக்கு ஓரிரு முறை கேள்வித்தாள் நிரப்புவது, ஒரே ஒரு முறை இரத்தமோ தோல் மாதிரியோ கொடுப்பது, அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்ற 10 கேள்விகள் கொண்ட டிஎல்க்யூஐ தாளை நிரப்புவது எல்லாமே ஆய்வுதான். தோல் நோயே இல்லாதவர்களும் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தேவைப்படுவார்கள். சொரியாசிஸ் ஆய்வுகளில் ஈஸிக்குப் பதில் பாஸி, வெண்புள்ளிக்கு வாஸி, புழுவெட்டுக்கு சால்ட் என்று அளவுகோல் மாறும். வெண்புள்ளியில் நிறம் திரும்ப மாதங்கள் ஆவதால் ஆய்வு 24 வாரம், 52 வாரம் என்று நீளும். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள், எட்டாம் வாரத்தில் பலன் இல்லை என்று விலகுபவர்கள் அங்கேதான் அதிகம்.

ஈரமண், 16 வாரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் நீட்டிப்பு ஆய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மருந்தில்லாத குழுவில் விழுவது பற்றிய கவலை பாதியாகக் குறையும்.


வெண்பஞ்சு:

ஒண்ணு விட்டுப்போச்சு. எக்ஸிமா இருக்கிறவங்க ஆய்வுல இருந்தாலும் இல்லாட்டியும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். திடீர்னு ஒரே அளவுல சின்னச் சின்ன கொப்புளம் கொத்தாக் கிளம்பி, உடைஞ்சு, துளை போட்ட மாதிரி வட்டப் புண்ணா மாறி, அரிப்பை விட வலி அதிகமா இருந்து, காய்ச்சலும் சேர்ந்தா அது சாதாரணமா படை கிளம்புறது இல்ல. ஹெர்பிஸ் வைரஸ் படையில பரவுறது. அடுத்த தடவை மையத்துக்குப் போறப்ப காட்டலாம்னு வைக்காதீங்க, அன்னைக்கே கூப்பிடுங்க. ஆய்வு க்ரீமைத் தொடரலாமான்னும் அவங்களைக் கேட்டுத்தான் பூசணும். வைரஸ் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறாங்களோ அவ்வளவு நல்லது. கண்ணுக்குப் பக்கத்துல வந்தா நேரா அவசரப் பிரிவுதான். அட்டையைக் காட்டுங்க.